நீர்நிலைகளில் செயற்கை அழுக்குநீக்கி மாசுகளை வண்ணப்பிரிகை முறையில் கண்டறிதல்

ஆறு, ஏரி, கடல் முதலிய இயற்கை நீர்நிலைகளில் கலந்திருக்கும் செயற்கை அழுக்குநீக்கிகளையும் அவற்றின் சிதைவுப் பொருள்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, இன்னதென்று அடையாளம் கண்டு, அளவிடப் பயன்படும் முறைகளில் முதன்மையானது வண்ணப்பிரிகை முறையாகும். இது குரோமட்டோகிராபி என்றும் வழங்கப்படுகிறது. அழுக்குநீக்கி என்றதும் நுரைதான் நினைவுக்கு வரும். ஆனால் நுரை அடங்கிவிட்டால் மாசும் நீங்கிவிட்டது என்று கொள்ள முடியாது. நுரைக்கும் மூலப்பொருள் சிதைந்து, நுரைக்காத, ஆனால் அதைவிட நச்சுமிக்க பொருளாக மாறுவதுண்டு. அந்த மாற்றத்தைக் கண்ணாலோ எளிய நிறச் சோதனையாலோ அறிய இயலாது. சுவிட்சர்லாந்தின் கழிவுநீர் நிலையங்களில் 1980களில் இது தெளிவாக வெளிப்பட்டது.

அழுக்குநீக்கியின் அமைப்பு

கடைகளில் டிடர்ஜென்ட் என்ற பெயரில் விற்கப்படும் சலவைத் தூள், சலவைக் கட்டி, பாத்திரம் துலக்கும் நீர்மம் ஆகியவற்றில் பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் அழுக்கை நீக்கும் முக்கியப் பொருள் பரப்பு இழுவிசை குறைப்பி ஆகும். இதன் மூலக்கூற்றில் இரு பகுதிகள் உண்டு. நீரை விரும்பும் பகுதியைத் தலை என்றும், நீரை வெறுத்து எண்ணெயை விரும்பும் நீண்ட கார்பன் சங்கிலியை வால் என்றும் கூறுவர். வால் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிக்கொள்ள, தலை நீரோடு சேர்ந்து அதை இழுத்துச் செல்கிறது. சாதாரண சோப்பும் இவ்வாறே செயல்படுகிறது. ஆனால் கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளுடன் சேர்ந்து சோப்பு திரிந்துவிடும். செயற்கை அழுக்குநீக்கிகள் அவ்வாறு திரிவதில்லை. அவை விரைவாகப் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தலைப் பகுதியின் மின்சுமையைக் கொண்டு பரப்பு இழுவிசை குறைப்பிகளை வகைப்படுத்துவர்.

எதிரயனி வகை: தலை எதிர்மின்சுமை உடையது. சலவைத் தூள்களில் பெருமளவு பயன்படும் நேர்ச்சங்கிலி அல்கைல் பென்சீன் சல்போனேட்டு இவ்வகையைச் சேர்ந்தது. இதைச் சுருக்கமாக எல்.ஏ.எஸ். என்பர்.

அயனியற்ற வகை: தலைக்கு மின்சுமை இல்லை. ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட எத்தாக்சி அலகுகள் மணிமாலைபோல் தொடர்ந்து தலையாக அமைகின்றன. நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டு இதற்கு எடுத்துக்காட்டு. கம்பளி, பருத்தித் துணித் தொழிலில் இது நெடுங்காலம் கழுவுபொருளாகப் பயன்பட்டது.

நேரயனி வகை: தலை நேர்மின்சுமை உடையது. துணியை மென்மையாக்கும் நீர்மங்களிலும் கிருமிநாசினிகளிலும் இவை பயன்படுகின்றன.

நுரைத்த ஆறுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சலவைத் தூளில் பெரிதும் பயன்பட்டது கிளைத்த சங்கிலி அல்கைல் பென்சீன் சல்போனேட்டு. நீரில் வாழும் பாக்டீரியாக்கள் கார்பன் சங்கிலியை ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு கார்பன்களாக வெட்டிச் சிதைப்பவை. சங்கிலியில் கிளைகள் குறுக்கிட்டால் இந்த வேலை தடைபடும். எனவே அந்தப் பொருள் கழிவுநீர் நிலையங்களைக் கடந்து சிதையாமல் ஆற்றுக்கு வந்தது. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அணைகளின் கீழும் மதகுகளின் அருகிலும் நுரை மலைபோல் குவிந்தது.

இதன் விளைவாக மேற்கு ஜெர்மனி 1961ஆம் ஆண்டு அழுக்குநீக்கிச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1964 அக்டோபரிலிருந்து விற்கப்படும் எதிரயனி அழுக்குநீக்கிகள் சோதனையில் குறைந்தது 80 விழுக்காடு சிதைய வேண்டும் என்பது விதி. அமெரிக்க உற்பத்தியாளர்களும் 1965ஆம் ஆண்டுக்குள் கிளையில்லாத எல்.ஏ.எஸ்.ஸுக்கு மாறினர். நுரை பெருமளவு குறைந்தது. சிக்கல் தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் பரவியது. ஆனால் அந்தச் சோதனைகள் மூலப்பொருள் மறைந்ததா என்பதை மட்டுமே பார்த்தன. அது என்னவாக மாறியது என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை.

நீல நிறச் சோதனையும் அதன் எல்லையும்

எதிரயனி அழுக்குநீக்கிகளை அளவிட இன்றும் பரவலாகப் பயன்படுவது மெத்திலீன் நீலச் சோதனை. மெத்திலீன் நீலம் நேர்மின்சுமை கொண்ட சாயம். தனியாக இருக்கும்போது அது நீரிலேயே தங்கிவிடும். எதிரயனி அழுக்குநீக்கியுடன் இணை சேர்ந்தால் மின்சுமை சமன்பட்டு, குளோரோஃபார்ம் என்னும் கரைப்பானுக்குள் செல்லும். குளோரோஃபார்ம் எவ்வளவு நீலமாகிறதோ அவ்வளவு அழுக்குநீக்கி நீரில் உள்ளது எனக் கணக்கிடப்படும். நீல நிறத்தின் அடர்வை ஏறத்தாழ 650 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறமானி கொண்டு அளப்பர்.

இது செலவு குறைந்த, எளிய சோதனை. ஆனால் இதற்கு மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, மெத்திலீன் நீலத்தோடு சேரக்கூடிய எதையும் இது அழுக்குநீக்கியாகவே எண்ணும். இலைதழைகள் மட்கி உண்டாகும் இயற்கை அமிலங்களும், கடல்நீரில் மிகுந்துள்ள குளோரைடும் அளவைக் கூட்டிக் காட்டலாம். இரண்டாவது, நேரயனி அழுக்குநீக்கிகள் எதிரயனிகளைப் பிடித்துக்கொள்வதால் அளவு குறைந்தும் காட்டலாம். மூன்றாவதே பெரிய குறை. இச்சோதனை ஒரே ஓர் கூட்டுத்தொகையைத் தருகிறது. அதில் எந்தப் பொருள் எவ்வளவு என்று சொல்வதில்லை. மின்சுமையற்ற நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டும் அதன் சிதைவுப் பொருளான நோனைல்பீனாலும் இச்சோதனைக்குப் புலப்படுவதே இல்லை.

வண்ணப்பிரிகையின் அடிப்படை

ரஷ்ய தாவரவியலாளர் மிகயில் சுவெட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைச் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே வடியவிட்டு, அதிலிருந்த பச்சை, மஞ்சள் நிறமிகளைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்தார். வண்ணப்பிரிகை என்ற பெயர் அதனால் வந்தது. இன்று நிறமற்ற பொருள்களைப் பிரிக்கவே இது மிகுதியும் பயன்படுகிறது.

எல்லா வண்ணப்பிரிகை முறைகளிலும் நகராத நிலைமை ஒன்றும், அதனூடே நகரும் நிலைமை ஒன்றும் இருக்கும். கலவையிலுள்ள ஒரு பொருள் நகராத நிலைமையை விரும்பினால் அதில் அடிக்கடி தங்கித் தாமதமாக வெளிவரும். நகரும் நிலைமையை விரும்பினால் விரைவில் வெளிவரும். ஒரே தெருவில் கிளம்பும் இருவரில் ஒவ்வொரு கடையிலும் நிற்பவர் பிந்துவதைப் போன்றது இது. ஒரு பொருள் வெளிவர எடுத்துக்கொள்ளும் காலம் தங்கு நேரம் எனப்படும். வெளிவரும் பொருளை உணரி பதிவு செய்யும்போது வரைபடத்தில் ஒரு முகடு எழும். முகடு தோன்றும் இடம் பொருளை அடையாளம் காட்டும். முகட்டின் பரப்பு அதன் அளவைக் காட்டும்.

மாதிரி எடுத்தல்

பகுப்பாய்வில் நேரும் பிழைகளில் பல, கருவிக்கு வருமுன்பே நேர்பவை. பரப்பு இழுவிசை குறைப்பிகள் நீரின் மேற்பரப்பிலும் நுரையிலும் திரள்பவை. பாத்திரத்தின் சுவரிலும் ஒட்டிக்கொள்பவை. ஆகையால் நுரையை அள்ளாமல், மேற்பரப்புக்குக் கீழிருந்து நீரைச் சேகரிக்க வேண்டும். கண்ணாடிக் குப்பியே ஏற்றது. அதை அழுக்குநீக்கி கொண்டு கழுவவே கூடாது. கழுவினால் தேடும் பொருளையே குப்பியில் பூசியதாகிவிடும். மெத்தனால் கொண்டு அலசியோ அடுப்பில் உயர் வெப்பத்தில் சுட்டோ குப்பியைத் தூய்மை செய்வர்.

எடுத்த நீரிலும் பாக்டீரியாக்கள் தம் வேலையைத் தொடரும். எனவே சிறிதளவு ஃபார்மலினைச் சேர்த்து, 4 பாகை செல்சியஸ் குளிரில் வைத்து, விரைவில் ஆய்வகம் சேர்ப்பர். அங்கு கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டி, வடிதாளில் தங்கிய வண்டலைத் தனியே ஆராய்வர். நீரை வெறுக்கும் மாசுகளில் பெரும்பங்கு வண்டலில் ஒட்டியிருக்கக்கூடும். காலியான குப்பியை மெத்தனாலால் அலசி, அந்தக் கரைசலையும் சேர்த்துக்கொண்டால் சுவரில் ஒட்டியதும் கணக்கில் வரும்.

செறிவூட்டல்

ஆற்றுநீரில் இம்மாசுகள் ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவை முதலில் செறிவாக்க வேண்டும். இதற்குத் திண்மநிலைப் பிரித்தெடுப்பு முறை பயன்படுகிறது. 18 கார்பன் கொண்ட சங்கிலிகள் பிணைக்கப்பட்ட சிலிக்காத் துகள்கள் ஒரு சிறு குழாயில் நிரப்பப்பட்டிருக்கும். ஒரு லிட்டர் நீரை அதன் வழியே மெதுவாகச் செலுத்தினால் உப்புகள் கடந்து செல்ல, மாசுகளின் வால் பகுதி சிலிக்காவில் சிக்கிக்கொள்ளும். பின்பு சில மில்லிலிட்டர் மெத்தனாலை ஊற்றி மாசுகளைக் கழுவி எடுத்து, கரைப்பானை ஆவியாக்கி ஒரு மில்லிலிட்டராகச் சுருக்குவர். இவ்வாறு செறிவு 1000 மடங்கு உயர்கிறது. எல்.ஏ.எஸ். மட்டும் தேவைப்பட்டால், எதிரயனிகளைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே மறுபடி செலுத்தி மற்றவற்றை நீக்கலாம்.

பிரித்தலும் கண்டறிதலும்

எல்.ஏ.எஸ்.: இது ஒரே சேர்மம் அன்று. வால் பகுதியில் 10 முதல் 13 வரை கார்பன்கள் கொண்ட நான்கு படிவரிசைச் சேர்மங்களும், வாலின் எந்தக் கார்பனில் பென்சீன் வளையம் இணைந்துள்ளது என்பதற்கேற்ப மொத்தம் 20 மாற்றியங்களும் இதில் உள்ளன. உயர்திறன் நீர்மவண்ணப்பிரிகைக் கருவியில், நீரை வெறுக்கும் சி-18 நிரப்பியின் வழியே நீரும் அசிட்டோநைட்ரைலும் கலந்த கரைப்பான் உயர் அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. குட்டை வால் உடையவை முதலிலும் நீண்ட வால் உடையவை பின்னரும் வெளிவருகின்றன. இவற்றின் பென்சீன் வளையம் ஏறத்தாழ 225 முதல் 230 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி, 290 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உமிழும். இந்த உமிழ்வை அளக்கும் உணரி, ஒளிராத பிற பொருள்களைப் பொருட்படுத்தாது.

நான்கு முகடுகளின் விகிதமும் ஒரு செய்தி தருகிறது. நீண்ட வால் உடையவை விரைவாகச் சிதையும். வண்டலிலும் எளிதில் ஒட்டும். ஆகவே விற்பனையிலுள்ள பொருளின் விகிதமே நீரிலும் இருந்தால் கழிவு அண்மையில், சுத்திகரிக்கப்படாமல் கலந்திருக்கலாம். குட்டை வால் உடையவற்றின் பங்கு கூடியிருந்தால் அது ஏற்கெனவே சிதைவுக்கு உள்ளானதைக் குறிக்கும்.

நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டு: இதில் வால் பகுதி ஒன்றே, தலையிலுள்ள எத்தாக்சி அலகுகளின் எண்ணிக்கைதான் வேறுபடும். எனவே நீரை விரும்பும் நிரப்பியைப் பயன்படுத்தினால் ஓர் அலகு கொண்டது, இரண்டு அலகு கொண்டது என ஏணிப்படிபோல் வரிசையாக முகடுகள் எழும். நீர்மவண்ணப்பிரிகையுடன் நிறைமாலைமானியை இணைத்தால் அடையாளம் மேலும் உறுதிப்படும். ஓர் எத்தாக்சி அலகின் நிறை 44. ஆதலால் 44 அலகு இடைவெளியில் அடுக்கடுக்காகத் தோன்றும் நிறைகள் இந்தச் சேர்மக் குடும்பத்தின் கைரேகையாகும்.

நோனைல்பீனால்: இதன் மூலக்கூறு நிறை 220. எளிதில் ஆவியாவதால் வாயுவண்ணப்பிரிகைக்கு ஏற்றது. ஹீலியம் வாயு நகரும் நிலைமையாகச் செயல்பட, மெல்லிய நீண்ட குழாயினூடே இது பிரிக்கப்படும். தொழிற்சாலைகளில் தயாராகும் நோனைல்பீனால் பல கிளைத்த மாற்றியங்களின் கலவை. ஆகவே ஒற்றை முகட்டுக்குப் பதிலாகக் கொத்தாகப் பல முகடுகள் தோன்றும். அவற்றின் பரப்பைக் கூட்டியே அளவைக் கணிக்க வேண்டும்.

அளவைக் கணக்கிடல்

அளவு தெரிந்த திட்டக் கரைசல்களை முதலில் கருவியில் செலுத்தி, செறிவுக்கும் முகட்டின் பரப்புக்கும் உள்ள தொடர்பை வரைபடமாக்குவர். அதனோடு இரண்டு சரிபார்ப்புகள் இன்றியமையாதவை. தூய நீரையே மாதிரிபோல் எல்லாப் படிகளிலும் கொண்டு சென்று, ஆய்வகத்திலிருந்தே எவ்வளவு மாசு சேர்கிறது எனப் பார்ப்பது வெற்று மாதிரி. தெரிந்த அளவு மாசை நீரில் சேர்த்து, முடிவில் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது எனப் பார்ப்பது மீட்பு விகிதம்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் ஆற்றுநீர் ஒரு மில்லிலிட்டராகச் செறிவாக்கப்பட்டது. அதில் 0.28 மைக்ரோகிராம் நோனைல்பீனால் இருப்பதாகக் கருவி காட்டுகிறது. வெற்று மாதிரியில் 0.02 மைக்ரோகிராம் இருந்தது. மீட்பு விகிதம் 80 விழுக்காடு. 0.28இலிருந்து 0.02ஐக் கழித்தால் 0.26. அதை 0.80ஆல் வகுத்தால் 0.325. ஆற்றுநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.33 மைக்ரோகிராம் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் உள்நாட்டு நீர்நிலைகளில் நோனைல்பீனாலுக்கு வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம். மீட்பு விகிதத்தைப் புறக்கணித்திருந்தால் வரம்பை மீறிய நீர் வரம்புக்குட்பட்டதாகத் தோன்றியிருக்கும்.

சுவிட்சர்லாந்தின் பாடம்

சூரிச் அருகே டூபென்டார்ஃபில் இயங்கும் ஏவாக் நீராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் கீகர், பால் புரூனர், கிறிஸ்டியன் ஷாஃப்னர் ஆகியோர் 1984ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கழிவுநீர் நிலையங்களின் கசடைப் பிரித்து ஆராய்ந்தபோது, ஆக்சிஜன் இல்லாமல் செரிக்கவிடப்பட்ட கசடில், ஒரு கிலோ உலர் எடைக்குச் சராசரியாக ஏறத்தாழ 1 கிராம் நோனைல்பீனால் இருந்தது. மிக நுண்ணிய அளவில் தேடப்படும் ஒரு பொருளுக்கு இது மிகப் பெரிய அளவு.

இது எப்படி நேர்ந்தது என்பதையும் வண்ணப்பிரிகைப் படங்கள் விளக்கின. நிலையத்திற்குள் வரும் நீரில் பல எத்தாக்சி அலகுகள் கொண்ட முகடுகள் மிகுந்திருந்தன. பாக்டீரியாக்கள் அந்த அலகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றின. தலை குறையக் குறைய நுரைக்கும் திறனும் நீரில் கரையும் திறனும் குறைந்தன. ஓரிரு அலகுகளோடு சிதைவு தயங்கி நின்றது. ஆக்சிஜனற்ற கசடில் அந்த அலகுகளும் நீங்கி, நோனைல்பீனால் எஞ்சியது. மூலப்பொருளை மட்டும் அளந்தவர்களுக்கு நிலையம் சிறப்பாக வேலை செய்வதாகத் தெரிந்தது. ஆனால் கீகரும் மரியன் ஆகெலும் சிதைவுப் பொருள்களையும் சேர்த்து நிறைக் கணக்கிட்டபோது, உள்ளே வந்த நோனைல்பீனால் சார்ந்த சேர்மங்களில் 60 முதல் 65 விழுக்காடு ஏதோ ஒரு வடிவில் சூழலுக்கே திரும்பியது தெரியவந்தது. சூரிச் பகுதியில் பாயும் கிளாட் ஆற்றின் நீரிலும் இவை காணப்பட்டன.

இந்தப் பொருளின் தீங்கு பின்னர் வெளிப்பட்டது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சொன்னன்ஷைன் ஆகியோரின் ஆய்வகத்தில், ஈஸ்ட்ரோஜன் சேர்க்காத மார்பகப் புற்றணுக்களும் அது சேர்க்கப்பட்டவை போலவே பெருகின. சோதனைக்குப் பயன்பட்ட நெகிழிக் குழாய்களிலிருந்து கசிந்த நோனைல்பீனாலே காரணம் என்று அவர்கள் 1991ஆம் ஆண்டு தெரிவித்தனர். பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப் போல் இது நடித்திருந்தது. கம்பளி கழுவும் ஆலைகளின் கழிவு கலந்த வட இங்கிலாந்தின் ஏர் ஆற்றில் கூண்டுகளில் விடப்பட்ட ஆண் டிரௌட் மீன்களின் இரத்தத்தில், பெண் மீன்கள் முட்டைக்காகச் சுரக்கும் வைட்டலோஜெனின் என்ற புரதம் மிகுந்திருந்ததை 1990களில் பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டனர்.

சுவிட்சர்லாந்து 1980களிலேயே சலவைத் தூள்களில் இந்த எத்தாக்சிலேட்டைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு ஆணைப்படி, 2005 ஜனவரி முதல் சலவை, துப்புரவு உள்ளிட்ட பல பயன்பாடுகளுக்கான பொருள்களில் இது 0.1 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. துணிகளில் எஞ்சிய எத்தாக்சிலேட்டு வீட்டுச் சலவையில் கரைந்து ஆற்றை அடைவதால், 2021 பிப்ரவரி முதல் துணிகளுக்கும் 0.01 விழுக்காடு என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பும் நாடுகளையும் இந்த விதி தொடுகிறது.

வரம்புகளும் தேவையும்

வண்ணப்பிரிகைக் கருவிகள் விலை மிக்கவை. தூய கரைப்பான்களும் திட்டப்பொருள்களும் தொடர்ந்து தேவை. பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். திட்டப்பொருள் இல்லாத சிதைவுப் பொருளை அளவிடுவது கடினம். எனவே அன்றாடக் கண்காணிப்பில் மெத்திலீன் நீலச் சோதனைக்கு இன்னும் இடமுண்டு. இந்தியக் குடிநீர்த் தர விதியான ஐ.எஸ். 10500, எதிரயனி அழுக்குநீக்கிகளுக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க வரம்பையும், மாற்று நீர் கிடைக்காதபோது 1.0 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பையும் அந்தச் சோதனையின் அடிப்படையிலேயே வகுத்துள்ளது.

எளிய சோதனையால் சந்தேகத்துக்குரிய இடங்களைக் கண்டு, அங்கிருந்து எடுத்த மாதிரிகளை மட்டும் வண்ணப்பிரிகைக்கு உட்படுத்துவது செலவைக் குறைக்கும் வழி. தில்லியில் யமுனையிலும், பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியிலும், 2019ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக் கடற்கரையிலும் திரண்ட நுரை மக்களின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் நுரை எச்சரிக்கை மட்டுமே. பாசியும் இலைமட்கும்கூட நீரை நுரைக்கச் செய்யும். நுரையே இல்லாத தெளிந்த நீரில் நோனைல்பீனால் இருக்கவும் கூடும். நீரில் இருப்பது எந்தப் பொருள், எந்த ஆலையிலிருந்தோ வீட்டுச் சாக்கடையிலிருந்தோ வந்தது, சிதைந்து எதுவாக மாறியது என்பவற்றை அறிந்தால்தான் எதைத் தடுப்பது என்று முடிவு செய்ய முடியும். அந்த விடைகளுக்கான முதற்படி, கலந்து கிடப்பவற்றைத் தனித்தனியே பிரித்துக் காண்பதாகும்.